டேப் கறுத்தால் போதாது

என் அத்தையை ஆஸ்பத்திரியில் எல்லாரும் டிக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய சட்டைப் பையில் பச்சை மை பேனா ஒன்று எப்போதும் இருக்கும். பட்டியலில் இருக்கும் பொருளைக் கண்ணால் பார்த்தால் ஒரு டிக் போடுவார். பார்க்காததற்குப் போட மாட்டார். வீட்டிலும் இதே கதைதான். மாமா கடைக்குப் போய் வந்தால், பையைக் கவிழ்த்துச் சீட்டை ஒப்பிட்டு டிக் போட்ட பிறகுதான் அவருக்கு டீ கிடைக்கும். "பொண்ணு பார்க்கப் போனப்பவே என்னை மேலயிருந்து கீழ வரைக்கும் டிக் போட்டுத்தான் சரின்னு சொன்னா," என்பார் மாமா. அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நேராகச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

அத்தை வேலை செய்வது ஆபரேஷன் கருவிகளைச் சுத்தம் செய்யும் அறையில். தியேட்டரிலிருந்து ரத்தத்தோடு வரும் கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் ஊறப்போட்டு, கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்து, ட்ரேயில் அடுக்கி, இரண்டு சுற்று துணியில் கட்டி, பெரிய நீராவி மெஷினில் வேகவைத்து அனுப்ப வேண்டும். ஒவ்வொரு ட்ரேக்கும் ஒரு பட்டியல் உண்டு. வயிற்று ஆபரேஷன் ட்ரே என்றால் நாற்பத்தியொரு கருவி. நாற்பத்தியொரு டிக் விழாமல் அந்த மூட்டை கட்டப்படாது.

மூட்டையின் மேலே ஒரு டேப் ஒட்டுவார்கள். வெளிறிய கோடுகள் இருக்கும். மெஷினுக்குள் போய் வந்தால் அந்தக் கோடுகள் கறுத்துவிடும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மூட்டை தயார் என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தை அவர்களை முதல் நாளே நிறுத்திவைத்துச் சொல்லுவார். "டேப் கறுத்தா மெஷினுக்குள்ள போயிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். நடு வரைக்கும் வெந்திருக்குன்னு அர்த்தம் இல்ல. அதுக்கு உள்ள நிறம் மாறுற பட்டை ஒண்ணு வச்சிருக்கோம். தியேட்டர்ல மூட்டையைப் பிரிச்சதும் முதல்ல அதைப் பார்ப்பாங்க. அது மாறலைன்னா மொத்த ட்ரேயும் நம்ம மூஞ்சியில திரும்பி வரும்."

இருபத்திரண்டு வருடத்தில் அத்தையின் மூட்டை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

அந்த அறையின் பொறுப்பாளர் ஒரு நர்ஸம்மா. அவர் ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தது. அந்த இடம் அத்தைக்கு வர வேண்டும் என்று நர்ஸம்மாவே எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு விதி இருந்தது. பொறுப்பாளராக வருகிறவர் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். மெஷின் கம்பெனி அனுப்பும் புத்தகமும் சுற்றறிக்கையும் ஆங்கிலத்தில் இருப்பதால் இந்த விதி. நான்கு பத்தி, ஒவ்வொன்றுக்கும் பத்துக் கேள்வி, நான்கு விடைகளில் சரியானதற்கு டிக். ஒரு மணி நேரம். நாற்பதுக்கு இருபத்துநான்கு எடுத்தால் போதும். மூன்று முறைதான் எழுதலாம். முதல் முறை அத்தை பதினேழு எடுத்திருந்தார்.

இந்த இடத்தில்தான் நான் வந்தேன். இதில் நடந்த முதல் தப்பு என்னுடையது. நான் பள்ளியை முடித்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் ஒரு போன் கடையிலும் ஒரு கணினி வகுப்பிலும் சேர்ந்து இரண்டையும் விட்டிருந்தேன். ஆங்கிலத்தில் மட்டும் நல்ல மதிப்பெண். அந்தத் திமிரில் அத்தையிடம் சொன்னேன்.

"உங்களுக்கு வார்த்தை போதல அத்தை. அவ்வளவுதான் விஷயம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை மனப்பாடம் பண்ணுங்க. அகராதியில ஒவ்வொரு எழுத்துலயும் கொஞ்சம் கொஞ்சமா எடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

பட்டியல் என்றால் அத்தைக்குச் சொல்லவா வேண்டும். அன்றைக்கே நீள நோட்டு ஒன்று வாங்கிவிட்டார். இடது பக்கம் ஆங்கில வார்த்தை, வலது பக்கம் தமிழில் ஒரே ஒரு அர்த்தம், அதன் பக்கத்தில் மூன்று கட்டம். மூன்று காலையில் பார்க்காமல் சொன்னால் மூன்று டிக். பிறகு அந்த வார்த்தை முடிந்தது. அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் வார்த்தைகள், பிரிட்ஜின் மேல் வார்த்தைகள், மாமாவின் கருவிப் பெட்டி மூடியிலும் ஒரு சீட்டு. நான் காலையில் மாடியில் இருக்கும் அத்தை வீட்டுக்கு ஏறிப் போய்க் கேள்வி கேட்பேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்லுவார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவன்கூட இத்தனை தடவை பொத்தானை அமுக்க மாட்டான்," என்றார் மாமா.

"உங்களுக்கு ஒரு வார்த்தை தெரியுமா?"

"மூணு தெரியும். அப், டவுன், ஸ்டாப். இதை வச்சே முப்பது வருஷம் ஓட்டிட்டேன்."

நான்கு மாதத்தில் ஆயிரத்து இருநூற்று நாற்பது வார்த்தைகள். எனக்கே தெரியாத வார்த்தைகள் எல்லாம் அத்தைக்குத் தெரிந்தன. பெருமையாக இருந்தது. இரண்டாவது பரீட்சைக்கு அவர் கிளம்பிய அன்று, முப்பதுக்குக் குறையாது என்று நான் சவால் விட்டேன்.

பதினெட்டு.

ஆயிரத்து இருநூற்று நாற்பது வார்த்தைக்கு ஒரே ஒரு மார்க். முடிவு வந்த அன்று அத்தை பிரிட்ஜ் முன்னால் போய் நின்றார். பிரிட்ஜ் மேல் ஒட்டியிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கிழிந்துபோகாமல் உரித்து எடுத்தார். நான்தான் கத்தினேன்.

"எப்படி அத்தை? எல்லா வார்த்தையும் தெரியுமே?"

"எனக்கு மட்டும் தெரியுமா எப்படின்னு? தெரிஞ்சிருந்தா பதினெட்டு ஏன் வாங்குறேன்?"

பரீட்சை முடிந்ததும் கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுவர விடுவார்கள். விடைகளை ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள்; நான் போய் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் இரண்டையும் விரித்து வைத்தேன். சிவப்புப் பேனா ஒன்றைக் கொடுத்து, தெரியாத வார்த்தைக்கு அடியில் கோடு போடச் சொன்னேன். முதல் பத்தி ஒரு துறைமுக ஊரைப் பற்றியது. இருநூறு வார்த்தைக்குமேல் இருக்கும். அத்தை போட்டது ஆறே கோடு. அதில் அவர் எடுத்தது பத்துக்கு இரண்டு. மூன்றாவது பத்தி ஒரு தொழிற்சாலையின் பாய்லரைப் பற்றியது. அதில் முப்பத்தியொரு கோடு விழுந்தது. தாளே சிவப்பாகிவிட்டது. அதில் அவர் எடுத்தது எட்டு.

நான் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். தலைகீழாக இருந்தது.

"இது எப்படிப் புரிஞ்சது?" என்று பாய்லரைக் காட்டினேன்.

"பாய்லர்டி. தண்ணி குறைஞ்சா என்ன ஆகும், வால்வு அடைச்சா யாரைக் கூப்பிடணும்னு எனக்குத் தெரியாதா? இந்த வார்த்தை தெரியல, ஆனா இந்த இடத்துல வேற எது வரும்? அழுத்தம்தான் வரும்."

"சரி, இது?" துறைமுகத்தில் ஒரு வாக்கியத்தைக் காட்டினேன். பழுதான படகுத்துறையைச் சரிசெய்யாமல் நகரசபை பல வருடம் தள்ளிப்போட்டது, மீனவர்கள் மீனை அந்த ஊரில் இறக்க மாட்டோம் என்று நின்ற பிறகுதான் சம்மதித்தது என்பது அதன் விஷயம்.

அத்தை பேனாவை வைத்துக்கொண்டு வாசித்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் பேனா ஒரு கணம் நின்றது. "சபை. வருஷங்கள். தள்ளிப்போடு. பழுது பார். படகுத்துறை. மீனவர். மறு. இறக்கு. சம்மதி." ஒன்றுகூடத் தப்பில்லை. தாளில் எல்லா வார்த்தை மேலும் குட்டிக் குட்டியாகப் பச்சை டிக்.

"அப்போ யாருக்கு யார்மேல கோபம்?"

"கோபமா? கோபம்னு எங்க எழுதியிருக்கு?"

"எழுதல. ஆனா மீனவங்க ஏன் அப்படி நின்னாங்க?"

அத்தை திரும்ப வாசித்தார். கடைசி வார்த்தைக்கு வருவதற்குள் முதல் வார்த்தை நழுவிவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. மூன்றாவது தடவை வாசித்துவிட்டுத் தாளைத் தள்ளினார். பச்சை டிக்குகளின் மேல் விரலை ஓட்டினார்.

"டேப்தாண்டி கறுத்திருக்கு," என்றார். "உள்ள வேகவே இல்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் அவரை வார்த்தைகளை ட்ரேயில் அடுக்கும்படி வைத்திருந்தேன். நாற்பத்தியொரு கருவி இருந்தால் ட்ரே முழுசு. நாற்பது வார்த்தை தெரிந்தாலும் வாக்கியம் முழுசாகாது. அவை ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றையும் அகராதியிலிருந்து தேடி எடுக்கிற வேகத்தில் இருந்தால் எதுவும் எதையும் பிடிக்காது. வார்த்தை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாமல் தொடங்கவே முடியாது. ஆனால் ஒரு வார்த்தையை ஒரே ஒரு அர்த்தத்தோடு மூன்று காலையில் சொல்வதும், அதை நாலு இடத்தில் நாலு பேரோடு பார்ப்பதும் ஒன்றில்லை. இதை எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. நான் மார்க் வாங்கியது சின்ன வயதிலிருந்து கண்டதையும் படித்ததால்தான், மனப்பாடம் செய்ததால் இல்லை என்பதும் எனக்கே அதுவரை தெரிந்திருக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி சொல்லிக்கொடுத்து ஒரு மனுஷியின் நான்கு மாதத்தை வீணாக்கியிருந்தேன்.

"உள்ள ஒரு பட்டை வைக்கணும்," என்றார் அத்தை. அதைச் சொன்னதும் அவர்தான், செய்ததும் அவர்தான். ஒரு பத்தியைப் படிக்க வேண்டும். தாளைக் கவிழ்த்துவிட வேண்டும். என்ன நடந்தது என்று தமிழில் மாமாவுக்குச் சொல்ல வேண்டும். மாமாவுக்குப் புரிந்தால் பட்டை மாறியது என்று அர்த்தம். புரியவில்லை என்றால் திரும்ப மெஷினுக்குள்.

"நான்தான் சோதனைப் பட்டையா?" என்றார் மாமா.

"உங்களுக்கே புரிஞ்சா யாருக்கும் புரியும்."

நூலகத்திலிருந்து நான் ஆங்கிலத்தில் சின்னப் பிள்ளைகள் கதைப் புத்தகம் கொண்டுவந்தேன். முதல் நாள் ஒரு கரடிக் கதையில் அரைப் பக்கம் படிக்க ஐம்பது நிமிடம் ஆனது. கரடி குகையை விட்டு வெளியே வரத் தயங்கியது. "இந்தச் சோம்பேறி எப்ப வெளிய வரும்?" என்று மாமா கேட்டார். அத்தைக்குக் கோபம் வந்தது. அது சோம்பேறி இல்லை, போன வருடம் வெள்ளத்தில் குட்டியை இழந்தது, அதனால் பயம் என்று கரடிக்காக வாதாடினார். சொல்லி முடித்துவிட்டு, தான் என்ன செய்தோம் என்று தெரிந்து சிரித்தார். அந்தக் கதையில் வெள்ளம் என்று இருந்தது. குட்டி என்று இருந்தது. பயம் என்ற வார்த்தை எங்குமே இல்லை.

தயங்குவதற்கான ஆங்கில வார்த்தை, ரிலக்டன்ட் என்பது, அவருடைய நீள நோட்டில் மூன்று டிக்கோடு தூங்கிக்கொண்டிருந்தது. கரடிக்குப் பிறகு கையெழுத்துப் போடத் தயங்கும் ஒரு குமாஸ்தாவிடம் அது வந்தது. பிறகு ஊசி போட்டுக்கொள்ளத் தயங்கும் ஒரு சிறுமியிடம். "ஓ, இவனா," என்றார் அத்தை, பஸ்ஸில் தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி. அதன் பிறகு அந்த வார்த்தைக்கு அவர் பேனா நிற்கவில்லை.

ஐந்து மாதம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு பரீட்சைப் பத்தியைப் படித்து, கவிழ்த்து, மனதுக்குள் சொல்லிப் பார்த்து, பத்துக் கேள்விக்கும் விடை போட இருபது நிமிடம் வந்தது. எட்டு, ஒன்பது என்று சரியாக வந்தது. ஆனால் நான்கு பத்திக்கு அறுபது நிமிடம்தான். எண்பது கிடைக்காது. இன்னும் ஆறு மாதம் இருந்தால் பதினைந்துக்கு வந்திருப்பார். நர்ஸம்மா ஓய்வுபெற மூன்று வாரம்தான் இருந்தது.

நான் அவரை உட்காரவைத்துச் சொன்னேன். "அத்தை, நேரம் போதாது. மூணு பத்தியை ஒழுங்காப் பண்ணுங்க. கடைசி ரெண்டு நிமிஷத்துல நாலாவதுல பத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு டிக் போட்டுடுங்க. நாலுல ஒண்ணு, பத்துக்கு ரெண்டு, மூணு தானா விழும். தப்புக்கு மார்க் குறைக்க மாட்டாங்க."

"படிக்காமயா?"

"படிக்காமதான். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

"ம்," என்றார். அந்த ம்-ஐ நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பரீட்சை ஆஸ்பத்திரியின் பயிற்சிக் கூடத்தில் நடந்தது. நான் வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவுக் கண்ணாடி வழியாக அத்தையின் முதுகு தெரிந்தது. தாளைக் கவிழ்ப்பதும், சுவரைப் பார்ப்பதும், திரும்ப நிமிர்த்துவதும் தெரிந்தது. ஒரு நிமிடம் இருக்கும்போது மணி அடித்தது. எல்லாரும் குனிந்து சரசரவென்று போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தை பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

"எத்தனை முடிச்சீங்க?"

"மூணு. நல்லாப் பண்ணியிருக்கேன்டி. அந்த மலையேறுறவன் கதை இருக்கே, அவன் நண்பனை விட்டுட்டு வந்துட்டான், ஆனா அதை ஒத்துக்கவே மாட்டேங்கிறான். எழுதல, ஆனா தெரியுது."

"நாலாவது?"

"அதைப் படிக்கல."

"டிக் போட்டீங்களா?"

நடந்துகொண்டே இருந்தார். படிக்கட்டில் நான் குறுக்கே நின்றேன்.

"அத்தை. பத்தும் காலியா விட்டீங்களா?"

"பார்க்காததுக்கு நான் எப்படி டிக் போடுவேன்?"

"இது ட்ரே இல்ல அத்தை. யாரும் சாக மாட்டாங்க."

"எனக்குத் தெரியும். கை வரல." பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "ரெண்டு தடவை பேனாவை வச்சேன். வரல," என்றார்.

இருபத்திரண்டு. முப்பது கேள்விக்கு இருபத்திரண்டு. இன்னும் இரண்டு வேண்டும். பத்துக் கட்டத்தில் ஒரு குழந்தை கிறுக்கியிருந்தால்கூட அநேகமாக விழுந்திருக்கும் இரண்டு.

நான் ஆபீஸுக்குப் போனேன். அங்கே இருந்த குமாஸ்தாவிடம், மெஷின் புத்தகத்தை ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று யாராவது மணி வைத்துப் படிப்பார்களா என்று கேட்டேன். படிக்காமல் டிக் போட்டவர் தேறலாம், படித்துப் புரிந்து போட்டவர் தேற முடியாது என்றால் இந்தப் பரீட்சை எதைப் பார்க்கிறது என்று கேட்டேன். "எழுதிக் குடும்மா," என்றார். எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு முத்திரை குத்தி ஒரு தட்டில் வைத்தார். அது இன்னும் அந்தத் தட்டிலேயேதான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புதிய பொறுப்பாளர் வேறு பிரிவிலிருந்து வந்தார். நல்ல மனிதர்தான், அவரைக் குறைசொல்ல மாட்டேன். பரீட்சையில் முப்பத்தியொன்று வாங்கியவர். ஒவ்வொரு காலையும் பட்டியலை எடுத்துக்கொண்டு அத்தையிடம் வந்து, "அக்கா, இதுல வளைஞ்ச இடுக்கி எது, நேரானது எது?" என்று கேட்கிறார். அத்தை எடுத்துக் காட்டுகிறார். பட்டியலின் அடியில் கையெழுத்து மட்டும் புதிய பொறுப்பாளருடையது.

போன வாரம் நான் மாடிக்குப் போனபோது அத்தை மேஜையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் அந்தக் கேள்வித்தாள், நான்காவது பத்தி. தேனீக்கள் புதுக் கூட்டுக்கு இடம் தேடுவது பற்றியது. பச்சைப் பேனா மூடியபடி பக்கத்தில் கிடந்தது.

"இப்ப எதுக்கு அத்தை இது?"

"இரு." படித்து முடித்துத் தாளைக் கவிழ்த்தார். மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லத் தொடங்கினார். சில தேனீக்கள் முன்னே போய் இடம் பார்த்துவிட்டு வரும், ஒவ்வொன்றும் தான் பார்த்ததுதான் நல்ல இடம் என்று ஆடிக் காட்டும், மற்றவை உடனே நம்பிவிடாமல் தாங்களே போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் அதனோடு சேரும்.

"ஓ," என்றார் மாமா. "உன் சொந்தக்காரங்க போல."

அத்தை சிரிக்கவில்லை. தாளை நிமிர்த்தி, பேனாவைத் திறந்து, பத்து டிக் போட்டார். நான் பலகையிலிருந்து எழுதிவந்த விடைகளை வைத்து ஒப்பிட்டேன். ஒன்பது சரி. கடிகாரத்தைப் பார்த்தேன். பதினெட்டு நிமிடம். எனக்கு அந்தத் தாளைச் சுருட்டி ஆபீஸ் தட்டில் எறிய வேண்டும் போலிருந்தது.

"இதை அன்னிக்கே போட்டிருக்கலாம்ல," என்றேன். சொல்லக்கூடாது என்று தெரிந்தும் சொன்னேன்.

"அன்னிக்குப் படிக்கலையே."

மாமா எழுந்து போய் டீ வைத்தார். அத்தை தாளை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஏழாவது கேள்வியில் விரலை வைத்தார்.

"இது ஏன் தப்பு?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், முதல் வரியிலிருந்து திரும்பப் படிக்க ஆரம்பித்தார்.